செத்தவர் எழுதிக் கொடுத்த பதினாலாம் நம்பர்

3-6-2007, ஞாயிறு
கத்திரி போயும் வெயில் போகவில்லை. வேன் சீட்டில் கை வைக்க முடியவில்லை. முதுநகரில் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் பக்கம் மனை காட்டப் போனேன். வழக்கம்போல இலவச வண்டி, இலவச சாம்பார் சாதம்.

ஒரு அம்மா, "இங்கேர்ந்து பஸ் ஸ்டாண்டு எவ்ளோ தூரம்?" என்றார். "இப்ப தூரந்தாங்க. நீங்க வூடு கட்டி முடிக்கிறதுக்குள்ள அதுவே நடந்து வந்துரும்" என்றேன். வேன் முழுக்கச் சிரிப்பு.

மச்சானுக்குக் குஷி. என் வீட்டுக்காரி கலாவின் தம்பி, மனை கம்பெனியில் பார்ட்னர். "மாமா, நீங்க வாயத் தொறந்தா ரெண்டு பிளாட்டு போவுது" என்றார்.

எங்கள் பதினாலாம் நம்பரைப் போய்ப் பார்த்தேன். நாலு கல்லும் நட்டபடி இருக்கிறது. கலாவின் தாலிச்சங்கிலியை விற்று வாங்கிய இடம். பட்டா மாறிவிட்டால் வீட்டு லோன் தருவதாக பேங்கில் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்க வேண்டியது: ஃபேன் பெல்ட், ஊதுபத்தி, கலாவின் முழங்காலுக்குத் தைலம்.

6-6, புதன்
காற்று, புழுதி. தைலம் மறந்துவிட்டது. பட்டா விஷயமாக வி.ஏ.ஓ.விடம் போனேன். பத்திரத்தைப் புரட்டினார்.

"எழுதிக் குடுத்தது யாரு?"

"நெலத்துக்காரப் பெரியவருங்க. அவரு குடுத்த பவர் பத்திரத்த வச்சி எம் மச்சான் கையெழுத்துப் போட்டாரு."

"பெரியவரு எப்ப செத்தாரு?"

"தை கடைசிங்க. கம்பெனி ஆளுங்கள நாந்தான் வேன்ல கூட்டிக்கிட்டுப் போனேன். மாலைகூடப் போட்டேன்."

"பத்திரம் எப்ப?"

"மாசி கடைசிங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "யோவ், ஆளு போனா அவரு குடுத்த பவரும் போச்சுய்யா. அப்புறம் எப்பிடி அவரு பேருல விக்கறது?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

7-6, வியாழன்
சிதம்பரத்தில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் கேட்டேன். அவரும் அதேதான். "செத்த சேதி ரிஜிஸ்டர் ஆபீசுக்குத் தெரியாது, பதிஞ்சிட்டாங்க. ஆனா செல்லாதுங்க. வாரிசுங்க புதுசா எழுதித் தரணும்."

மாலை போட்டவன் நான். மாசியில் பெரியவரின் கருமாதிப் பந்தியில் மச்சானும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் வரும்போதுதான் பத்திரத்துக்கு நாள் குறித்தோம். "துக்கம் முடிஞ்சிது மாமா, இனிமே நல்ல காரியம் பேசலாம்" என்றார். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்தேன். ரெண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

8-6, வெள்ளி
மேகம், மழை இல்லை. கம்பெனிக்குப் போய் நேராகக் கேட்டேன். மச்சான் கதவைச் சாத்தினார்.

"தெரியும் மாமா. பெரியவரு பையன் புதுசா எழுதித் தர ஜாஸ்தி கேக்கறான். அதான் சட்டுனு பதிஞ்சேன்."

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா மச்சான்? நான்தானா?"

"வண்டி ஓட்டறவரே வாங்கியிருக்காருன்னாதான் மத்தவங்க நம்புவாங்க."

சட்டை பட்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, "உங்க ஒருத்தருக்கு மட்டும் அவங்கிட்ட கையெழுத்து வாங்கித் தரேன். ஞாயித்துக்கெழம வண்டிய நிறுத்தாதீங்க. இத வண்டில பேசாதீங்க."

வீட்டில் சொன்னேன். "எந் தம்பியா?" மூன்று தடவை கேட்டாள் கலா. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம், "வாய மூடிக்கிட்டு வாங்கிக்க. எங் கழுத்துல மஞ்சக்கயிறுதான் கெடக்குது" என்றாள்.

மச்சான் கல்யாணத்தில் மாப்பிள்ளைக் கார் ஓட்டியதும் நான்தான்.

10-6, ஞாயிறு
பளிச்சென்று வெயில். ஒன்பது பேர். முன்சீட்டில் சிப்காட்டில் வேலை செய்யும் ஒருவர், மகள் கல்யாணப் பணத்தை மஞ்சள் பையில் மடியில் வைத்திருந்தார். "டிரைவரண்ணே, நீங்களும் வாங்கியிருக்கீங்களாமே?" என்றார்.

ஆலப்பாக்கம் தாண்டி வாய் நிற்கவில்லை.

"வாங்கியிருக்கங்க. எனக்கு எழுதிக் குடுத்தவரு அதுக்கு முன்னாடியே செத்துட்டாரு. உங்களுக்கும் அவருதான் எழுதிக் குடுப்பாரு. வாங்காதீங்க."

வேன் குலுங்கச் சிரித்தார்கள். சிப்காட்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். ஓரமாக நிறுத்தி, திரும்பி உட்கார்ந்து, முகத்தை இறுக்கி மறுபடி சொன்னேன். "மூஞ்சிய எப்பிடி வச்சிக்கறாரு பாரேன்!" என்று பின்சீட்டில் ஒரு பெண். இன்னும் ஜாஸ்தி சிரிப்பு.

சாயங்காலம் மச்சான் வந்து தோளில் கை போட்டார்.

"மூணு புக்கிங் மாமா! வண்டில அப்பிடி என்னதான் சொன்னீங்க? நாளைக்கே உங்க கையெழுத்துக்கு ஏற்பாடு பண்றேன்."