அமிலத்தில் கரையாத கட்டி

12 மார்ச் 2003, புதன்

கடமலைக்குண்டில் பேச்சியம்மாள் தோட்டத்து மாங்கன்றுகள் இந்த முறையும் பட்டுப்போய்விட்டன. இரண்டடிக்குக் கீழே சிமெண்டுத் தரைபோல மண் இறுகிக் கிடக்கிறது. வேர் அதில் முட்டி மடங்கியிருக்கிறது. அங்கிருந்து எடுத்து வந்த கட்டியை எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் அமிலத்தில் போட்டு வைத்திருந்தேன். சுண்ணாம்பாக இருந்தால் நுரைத்துக் கரைந்திருக்கும். இது அப்படியே கிடந்தது. மண்ணை இறுக்கியிருப்பது சிலிக்காதான்.

மண் வகைப்பாட்டில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. அறிக்கையில் அதை எழுதிக்கொண்டு போனால் அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டார்.

"நம்ம ஏரியால யாரும் இப்படி எழுதுனதில்லம்மா. சுண்ணாம்புத் தட்டுன்னே போடுங்க."

அப்படிப் போட்டால், சுண்ணாம்பை இளக்கக் கந்தகம் கலந்து மறுபடி மா நடு என்றுதான் பரிந்துரை போகும். நடுகிற கன்று மறுபடி சாகும். எனக்கு ஆறவில்லை. சாயங்காலம் நானே தோட்டத்துக்குப் போய், மா வேண்டாம் என்று சொன்னேன்.

"காலைல உங்க ஆபீசரு வைக்கலாம்னாக. நீங்க வேணாங்கிறீக. நான் யாரு பேச்சக் கேக்க? எழுதிக் குடுங்க" என்றார் பேச்சியம்மாள்.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீலு இல்லையே, தாயி."

நாளைக்குக் குழி தோண்ட ஆள் சொல்லியாயிற்றாம்.