பானையைப் பார்த்து எழுதிய தாள்

இன்று காலை எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியை உலையில் போட்டார்கள். அதன் புழுங்கல் வாடை வாசல் வரை வந்தது. எதிர் வீட்டிலும் அதே வாடை, பக்கத்து வீட்டிலும் அதே வாடை. யுத்தம் வந்து போடியில் எங்கள் தெரு முழுவதையும் ஒரே அரிசி சாப்பிட வைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க நீர் இல்லையே என்றும் இருந்தது.

தேவாரம் ஊர்ப் பக்கம் மழை பொய்த்த வருஷம் நினைவிருக்கிறதா? மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வீட்டுக்கு வீடு வரும்படி விசாரித்து எழுத ஆபீசிலிருந்து நம் இருவரையும் அனுப்பினார்கள். ஊர் நொடித்திருந்தால் சர்க்கார் செலவில் கஞ்சி ஊற்றக் கஞ்சித்தொட்டி திறப்பார்கள். நம் தாளைப் பார்த்துத்தான் முடிவு. ஆனால் வரும்படியை உள்ளபடி யார் சொன்னார்கள்? இருப்பவர் வரிக்குப் பயந்து குறைத்தார். இல்லாதவர் கௌரவத்துக்குக் கூட்டினார்.

"கேக்குறத விட்டுட்டு மத்தியானம் பானையப் பாப்போம் ஓய்" என்றீர். நெல்லுச்சோறு என்றால் வசதி, சோளச்சோறு என்றால் நடுத்தரம், கூழ் என்றால் கஷ்டம். வீட்டுக்கு வீடு ஒரு வாய் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்கள், நாமும் சாப்பிட்டோம்.

மூன்று நாளில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நெல்லுச்சோறுதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'முந்தைய விசாரணைக்குப் பிறகு ஊர் வளர்ந்திருக்கிறது. ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். சாயங்காலத் தபாலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

மிச்சமிருந்த கடைசி வீட்டில் சோற்றை மென்றபடி கேட்டீர்: "மூணு நாளா ஒரே அரிசியத் திங்கிறோமே, கவனிச்சீரா?" அதே சிவப்புக் கீற்று, அதே பழைய நெல் வாடை. நாக்கை வைத்தா புள்ளிவிவரம் எடுப்பது என்று நான் எரிந்து விழுந்தேன். நீர் என்னைச் சட்டை செய்யாமல் அந்த வீட்டு அம்மாளிடமே கேட்டீர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆபீசருக வாராகன்னு மொத நாளே சொல்லிட்டாக. வந்தவுகளுக்குக் கூழையா ஊத்துறது? பெரிய வீட்டுல அரிசி வாங்கி, வீட்டுக்கு ஒரு படியாப் பிரிச்சுக்கிட்டோம் சாமி."

மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போனோம். பெரிய வீட்டைத் தவிர எங்கும் கூழ்தான். சில வீடுகளில் அடுப்பே பற்றவில்லை. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதச் சொன்னீர். எழுதினேன். அத்தனை 'தெரியவில்லை' எதற்கு என்று மேலே கடிந்துகொண்டார்கள். ஆனாலும் கஞ்சித்தொட்டி திறந்தது. அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவன் நான்தான், உம்மிடம் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போதும் ஒரு கூட்டல் சிக்கலில்லாமல் வந்துவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சொல்லாமல் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த முதல் தாளை நான் கிழிக்கவில்லை. என் டிரங்குப் பெட்டியின் அடியில், என் கையெழுத்தோடு அப்படியே இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். நல்லவேளை, தபாலில் போகவில்லை.