அக்காவுக்காக நான் போட்ட அட்டெண்டன்ஸ்

14 ஜூன் 2021, திங்கள் இரவு

அக்காவின் கல்லூரி ஆன்லைன் வகுப்பில் மூன்று வாரமாக நான்தான் அவள் போனிலிருந்து "ப்ரெசென்ட் மேம்" என்று அடிக்கிறேன். அவள் படுக்கையை விட்டு எழுவதில்லை. "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு" என்றாள். நானும் சொல்லவில்லை.

இன்று அவளுடைய தோழி அம்மா போனில் கூப்பிட்டாள்; நான் எடுத்தேன். "போனே எடுக்க மாட்டேங்கறா. கிளாசுக்குத்தான் தினமும் வர்றாளேன்னு நாங்களும் உட்டுட்டோம். நல்லா இருக்காளா அம்மணி?"

"நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்று பொய் சொன்னேன்.

சாயங்காலம் அக்கா சோற்றைத் தள்ளி வைத்தாள். "நான் இல்லீனாலும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். அப்படி ஒருவருக்கும் தெரியாதபடி செய்தவள் நான். பயமாக இருக்கிறது.

அம்மா இன்னும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். அக்கா இனி என்னோடு பேசாமல் போனாலும் சரி, அம்மா படுப்பதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும்.