சுக்கான் பிடிக்க இன்னொருவர்

மிடில்பர்க்,
ஜூன் இறுதி

அன்புள்ள தம்பி வீட்ஸெவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது முறை. உன் நலம் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்ததனால்தான் எழுதுகிறேன். தொலைபேசியில், "அண்ணே, காத்து நல்லா இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட்டால் உன் மனைவி பௌக்யெ எடுத்து உரக்கப் படிப்பாள்.

மருத்துவமனை ஜூலையில் கொடுத்த நாளை நீயாகவே அக்டோபருக்குத் தள்ளிவிட்டதாக அவள்தான் சொன்னாள். ஜூலையில் ஏரிகளில் பாய்மரப் படகுப் போட்டியாம். இதயத்துத் துளையை அடைத்தபின் சில வாரங்கள் பாரம் இழுக்கக் கூடாது என்ற செவிலியிடம், "அப்போ படகை யாரு, உங்க வீட்டுக்காரரா ஓட்டுவாரு?" என்று கேட்டாயாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் உன் வலக்கை மரத்தது. ஏப்ரலில் பௌக்யெவின் பெயரே உன் வாயில் வரவில்லை. இரண்டுமே பக்கவாதம். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய சிறு கதவு உன் இதயத்தில் மூடவில்லை, அதன் வழியாக இரத்தக்கட்டி மூளைக்குப் போகிறது என்று மருத்துவர் விளக்கியபோது நானும் உடனிருந்தேன். கை நரம்பில் குமிழிகள் கலந்த உப்புநீரை ஏற்றி, மூச்சை அடக்கி முக்கிவிட்டுப் பிறகு மூச்சை விடச் சொன்னார். விட்ட நொடியில் குமிழிகள் மறுபக்கம் பாய்ந்ததைத் திரையில் இருவரும் பார்த்தோம். பெருங்காற்றில் சுக்கானை வயிற்றோடு அணைத்து இழுக்கும்போது நீ செய்வது வேறென்ன?

"மாத்திரைதான் தின்னுறேன்ல" என்கிறாய். உன் வயதில் மாத்திரை மட்டும் போதாது, துளையையும் அடைப்பதே நல்லது என்றார் அவர். தொடை நரம்பு வழியாகச் செய்வது. மறுநாளே வீடு திரும்பலாம். கடற்கரை அணையில் எலிவளை கண்டால் அன்றே அடைக்க ஆணையிடுவது என் வேலை. "எலிக்கே நோட்டீஸ் ஒட்டுற ஆளாச்சே நீ" என்று கேலி செய்வாய். உனக்கு எந்த நோட்டீஸை ஒட்டுவது?

சரக்குப் படகோட்டிக் குடும்பத்தில் பிறந்தவரே சுக்கான் பிடிக்கலாம் என்பது போட்டி விதி. நம் ஊரில் எஞ்சியிருப்பது நம் குடும்பம் மட்டுமே. ஆகவே நீ இல்லையென்றால் ஊர்ப்படகே இல்லை. இது உன் வாதம். விதியைக் காட்டி என்னிடம் வாதாடுகிறாய். எடுத்துப் படித்தேன். அதில் வீட்ஸெ என்ற பெயர் எங்கும் இல்லை. நானும் அப்பாவுக்குப் பிறந்தவன்தான்.

சங்கச் செயலாளருக்கு என் பெயரை அனுப்பிவிட்டேன், விடுப்பும் எடுத்துவிட்டேன். சுக்கானைத் தொட்டுப் பல ஆண்டுகளாகின்றன. போட்டியில் கடைசியாகத்தான் வருவேன். பாய் இழுக்கும் ரின்ட்யெ, "ஆபீசர் காத்துக்கிட்டயே பர்மிஷன் கேப்பாருடா" என்பான். சொல்லிக்கொள்ளட்டும்.

மருத்துவமனையிலும் பேசினேன். நீ விட்ட நாள் இன்னும் காலியாகவே இருக்கிறது. ஆனால் நோயாளியே அழைக்க வேண்டும், அண்ணன் அழைத்தால் செல்லாது என்றார்கள். சரியான விதிதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சரியான விதியின் மேல் எனக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே அழைத்துவிடு. அடைத்துக்கொண்டு வந்து கரையில் உட்கார். நான் படகைத் தப்பாகத் திருப்பும்போதெல்லாம் ஊர் கேட்க என்னைத் திட்டு. ஒரு சொல்கூடத் தடுமாறாமல் திட்டு.

அந்தத் திட்டுக்குக் காத்திருக்கும்,
உன் அண்ணன்
ஹெஸல்