மட்டைக்குப் பின்னால் இரண்டு பேர்

2025 மே 9, வெள்ளி

வெள்ளி ஜும்மா தொழுகைக்குச் சாத்தும் போன் கடை பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் திறக்காது. அந்த இடைவெளிதான் எங்கள் விளையாட்டு. அங்கே போன் திருத்தும் ஃபாஹிம் கடையின் பின்னறையில் கதை சொல்வான், நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதைக்குள் நடப்போம். மிஹ்லார், சுல்தான் என்ற வாள்வீரன். இனாஸ் வில்லாளி. நான் வைத்தியன். வெளியே நான் தென்னந்தும்பு மில்லில் கணக்கெழுதுபவன், யாருக்கும் ஒரு பிளாஸ்டர்கூட ஒட்டியதில்லை.

கதைக்காரன் தன் முன்னால் ஒரு பிஸ்கட் மட்டைப்பெட்டியை விரித்து நிறுத்தியிருப்பான். அதற்குப் பின்னால்தான் இருபது முகப் பகடையை உருட்டுவான். எண் பெரிதென்றால் எங்கள் ஆள் தப்புவான், சிறிதென்றால் அகப்படுவான். எண்ணைப் பார்ப்பவன் அவன் மட்டும், அவன் சொன்னால் சொன்னதுதான். இவ்வளவு காலமும் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

இன்று கதையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். எங்களில் ஒருவன் எதிரிக்கு வழியை விற்றுவிட்டானாம். மிஹ்லார் உடனே என்னைத்தான் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

மே 14, புதன்

மில்லுக்கு லீவு போட்டுவிட்டு ஃபாஹிமுக்குத் துணையாகச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுடைய சீனி வருத்தம், நீரிழிவு, கண்ணுக்குப் போய்விட்டது. இடக்கண் முடிந்ததாம். வலக்கண்ணும் போய்க்கொண்டிருக்கிறதாம். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னான்.

“மிஹ்லாருக்குச் சொல்லிராத மச்சான். கடை அவன்ட மாமாட. கண்ணில்லாதவன போன் திருத்த ஆரு வெச்சிக்கிற?”

அந்தச் சம்பளத்தில்தான் அவனும் அவன் உம்மாவும் சாப்பிடுகிறார்கள். சத்தியம் கேட்டான், பண்ணிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

மே 16, வெள்ளி

பகடையின் எண் ஃபாஹிமுக்குத் தெரியவில்லை, தடவிப் பார்க்கவும் இன்னும் விரல் பழகவில்லை. விளையாட்டை நிறுத்தினால் ஏன் என்று மிஹ்லார் கேட்பான். அதனால் ஓர் ஏற்பாடு. நான் மட்டைக்குப் பின்னால் அவன் பக்கத்தில் உட்காருவது, விழுந்த எண்ணை மேசைக்குக் கீழே அவன் முழங்காலில் சொல்வது. பத்துக்கு ஒரு கிள்ளு, ஒன்றுக்கு ஒரு தட்டு. பத்தொன்பது விழுந்தால் அவன் பாடு திண்டாட்டம்.

முதுகு வலி, சாய்வதற்குச் சுவர் வேணும் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். இனாஸ் பாவம், தன் கதிரையைத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன் — கொஞ்சம் அவசரமாக.

மே 23, வெள்ளி

கதையில் சுல்தானுக்குக் காயம். நான் மருந்து கொடுத்தேன்.

“சுல்தான் அதக் குடிக்க மாட்டான்,” என்றான் மிஹ்லார், வழியை விற்றவன் நான்தான் என்பதுபோல.

பிறகு, மட்டைக்கு அந்தப் பக்கம் குடியேறினவனுக்கு எல்லாம் தெரியும்தானே என்று இனாஸிடம் சொன்னான். எனக்குக் கேட்க வேண்டுமென்றே சொன்னான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விளையாட்டுக் கோபம்தான், விளையாட்டோடு போய்விடும் என்று வீடு வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மே 25, ஞாயிறு

மிஹ்லாரிடம் சொல்லிவிடலாமா? சத்தியம் பண்ணியிருக்கிறேனே.

மே 30, வெள்ளி

எல்லாம் முடிந்தது.

கதையில் ஒரு தொங்குபாலம். காயத்தோடு சுல்தான் அதைக் கடக்க வேண்டும். ஃபாஹிம் உருட்டினான். பகடை இரண்டில் நின்றது. நான் எத்தனை தட்டினாலும் ஃபாஹிம் நம்பியிருப்பான். ஆனால் கள்ளாட்டம் ஆடக்கூடாது என்று இருந்தேன். இரண்டு தட்டினேன்.

பாலம் அறுந்தது என்று ஃபாஹிம் சொன்னான். சுல்தான் அதோடு விழுந்து செத்தான். மிஹ்லார் எழுந்து வந்து மட்டையைத் தள்ளிவிட்டான். என் கை இன்னும் ஃபாஹிமின் முழங்காலில் இருந்தது.

“ரெண்டு பேரும் பேசி வெச்சித்தான் என்ட ஆளக் கொன்னீங்க.”

இல்லையடா என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த கேள்வி வருமே, அப்போ கை என்னத்துக்கு என்று? கையை எடுத்துக்கொண்டேன். பகடை உருண்டு தரையில் கிடந்தது. ஃபாஹிம் குனிந்து தேடவில்லை. தேடினால் தெரிந்துவிடும். அவர்கள் போன பிறகு நான்தான் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

விளையாட்டிலேயே கள்ளம் செய்கிறவன் வேலையில் என்ன செய்யமாட்டான் என்று மிஹ்லார் மாமாவிடம் சொல்லியிருக்கிறான். மாமா இப்போது ஃபாஹிமின் மேசைக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருக்கிறாராம்.

ஜூன் 12, வியாழன்

ஃபாஹிமை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு போனைக் கழற்றினவன் சின்னச் சாமான் ஒன்று கீழே விழுந்ததைக் காணாமல் பூட்டிக் கொடுத்திருக்கிறான். களவெடுத்து விற்றுவிட்டான் என்று மாமா முடிவுகட்டிவிட்டார். கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

“கள்ளனெண்டா எங்கயாச்சும் ஒரு கடையில கெஞ்சிப் பாக்கலாம். குருடனெண்டா?” என்றான்.

ஜூன் 13, வெள்ளி

சத்தியமாவது மண்ணாவது. மிஹ்லாரைத் தேடிப் போய் எல்லாம் சொன்னேன் — ஆஸ்பத்திரி, கிள்ளு, தட்டு, எல்லாம். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்:

“நல்ல கதை, கீர்த்தி. ஒங்க ரெண்டு பேருக்கும் கதை கட்டத்தானே தெரியும்.”

ரோட்டில் நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று வெள்ளி. போக இடமில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஃபாஹிம் இப்போது பள்ளிவாசல்துறையில் உம்மாவோடு வீட்டிலேயே இருக்கிறான், பார்க்கப் போனேன். அவன் தாய் றஹ்மத் உம்மா பிளேன்டீ தந்துவிட்டு, கூட்டாளிமார் வேற ஒருத்தரும் வரல்லயா மகன் என்று கேட்டார். வேலை என்றேன். ஃபாஹிமுக்கு வலக்கண்ணில் இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரிகிறதாம்.

வழியை விற்றது யார் என்று கேட்டேன். கதையிலாவது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

“ஒருத்தனுமில்லடா. அப்புடிச் சொன்னா நீங்க கவனமாக் கேப்பீங்கண்டுதான் சொன்ன.”

பகடை கொண்டுவந்தாயா என்று கேட்டான். ஓம் என்றேன். சுல்தானுக்கு இன்னொருக்கா உருட்டச் சொன்னான். பாயில் உருட்டினேன். மட்டையும் இல்லை, தட்டவும் தேவையில்லை, வாயாலேயே சொல்லலாம்.

நாலு விழுந்திருந்தது. இருபது என்றேன்.

அவன் கையால் துழாவி, பகடையைத் தூக்காமலே மேல்முகத்தை விரலால் தடவினான். எண்கள் குழியாக வெட்டியவை, அவன் விரலும் இப்போது பழகியிருந்தது. விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“பாலம் தாங்கிட்டு,” என்றான். “சுல்தான் அக்கரைக்குப் போய்ட்டான். மிஹ்லாருக்குச் சொல்லிரு.”

சொல்கிறேன் என்றேன். மிஹ்லார் என் நம்பரைத் தடைசெய்து வைத்திருப்பதை அவனுக்குச் சொல்லவில்லை.