மேரு வாய்க்காலில் விட்ட மீன்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
2.3.1996

அன்புள்ள மீனலோசனிக்கு,

சீதாலெட்சுமி எழுதுவது. முறைப்படி உன் நலத்தைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை. இங்கே நான்கு நாளாக விடாமல் மழை. அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

உன் ஆய்வுக் கட்டுரைக்கு வேறொரு குழு எழுதிய மறுப்பும், அதற்கு நீ கொடுத்த பதிலும் நம் சோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டன. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, உன் பதிலில் ஒரு வரியில் விரலை வைத்துப் படிக்கச் சொன்னார். கோலாலம்பூரில் இருக்கும் உதவியாளர் மீன் மாதிரிக் குப்பிகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டியிருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறாய். என் பெயரைப் போடவில்லை. இந்தக் கூடத்தில் உதவியாளர் நான் ஒருத்திதான், பெயர் எதற்கு? அன்றைக்கே என்னிடமிருந்த உறைபெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருடம் என் கைப்பையில் கிடந்த சாவி. இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை எனக்கு விசாரணை.

சீட்டு மாறவில்லை. அது உனக்கும் தெரியும். நீ மறந்தவள் மாதிரி எழுதியிருப்பதால், நடந்ததை உனக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேரு ஊரில் என் அண்ணன் அய்யாவு வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறதே வாய்க்கால், அது ஊரை இரண்டாகப் பிரிக்கிற மேட்டுக்குத் தெற்கே. வடக்கே காட்டுக்குள் இருக்கிற ஓடை வேறு. இரண்டு தண்ணீரும் எங்கேயும் கலப்பதில்லை. இரண்டிலும் காட்டுச் சண்டை மீன் இருக்கிறது, பார்வைக்கு ஒன்றுதான். வெகுகாலம் பிரிந்தே வாழ்ந்ததில் மரபணு வேறாகிவிட்டது. துடுப்பில் நுனியளவு வெட்டி எடுத்துச் சோதித்தால் இது வடக்கத்தி மீன், இது தெற்கத்தி மீன் என்று பிரித்துவிடலாம் என்று முதலில் கண்டவள் நீதான். அன்றைக்கு நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். நானும் அழுதேன். என் பெயர் எதிலும் வராது என்று தெரிந்தும் அழுதேன்.

1992, புரட்டாசி சனிக்கிழமை. வடக்கு ஓடையில் பிடித்த மீன்களுக்குத் துடுப்பு வெட்டி முடித்து, வாளியோடு அண்ணன் வீட்டுக்குப் போனோம். அங்கே வைத்து மீன்களைக் கெடாமல் வைக்கிற சாராயக் குப்பியில் போடுவதாக இருந்தோம். அண்ணன் இலையைப் போட்டுவிட்டு வாளியை எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு என் வீட்டுல உசிரோட எதையும் கொல்லாதம்மா. மத்த நாள் எப்படியோ செஞ்சுக்க” என்று உன்னைத்தான் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, “சரிண்ணே, துடுப்பு கெடச்சிருச்சு, அது போதும்” என்று சொல்லி, வாளியைத் தூக்கிப் பின்பக்க வாய்க்காலில் கவிழ்த்தாய். பதினெட்டு மீன். பிறகு கையைக் கழுவிவிட்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். வடக்கு மீனைத் தெற்கில் விட்டோமே என்று அந்த நேரம் நமக்கு உறைக்கவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதில் எனக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

நீ இங்கிலாந்து போன பிறகு, 1994-இல் அதே வாய்க்காலில் நாற்பது மீன் பிடித்து, துடுப்பு வெட்டிக் குப்பியில் சீட்டு ஒட்டி அனுப்பினேன். ஒன்பதில் வடக்கு மரபணு இருந்தது. சந்தோஷத்தில் நீ போன் செய்தாய். அவை நாம் விட்ட மீன்களின் குஞ்சுகளாக இருக்கும் என்று அப்போதே சொன்னேன். “ஆமாம்லா சீதா, நல்லவேளை ஞாபகப்படுத்துனே, அந்த ஒன்பதையும் கணக்குலேர்ந்து எடுத்திடுறேன்” என்றாய். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கட்டுரை அச்சாகி வந்தபோது ஒன்பதும் அப்படியே இருந்தன. வெள்ளத்தில் வடக்கு மீன் மேட்டைத் தாண்டி வந்ததாம். ஃபேக்டரிக் கழிவுத் தண்ணீரை அதன் மரபு தாங்குவதால் தெற்கில் பெருகுகிறதாம். காட்டு உயிர் நம் கண்ணெதிரே மாறுகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். ஏதோ காரணம் இருக்கும், மீனா பொய் எழுத மாட்டாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நான் மடச்சி. இப்போது மறுப்பு எழுதிய அந்தக் குழு மேட்டுக்குத் தெற்கே முழுக்க வலை போட்டுப் பார்த்து, எங்கும் வடக்கு மரபணு இல்லை (நாம் விட்டவற்றின் வம்சம் அதற்குள் அற்றுப்போயிருக்கும்) என்று சொன்னதும், பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டாய்.

அதையாவது பயத்தில் செய்தாய் என்று விட்டிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, அதுதான் ஆறவில்லை. “உங்க அண்ணன் நமக்குத் தெரியாம விட்டுட்டாருன்னு சொல்லிடேன் சீதா. லோரி ஓட்டுறவரு, அவரை யாரு கேக்கப் போறா?” அவர் கையால் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறாய். மழையில் கார் சேற்றில் சிக்கியபோது லோரியைக் கொண்டுவந்து இழுத்துவிட்டவர் அவர். போன வாரம்கூட, மீனா தங்கச்சிக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், தன்னால்தான் எல்லாம் என்று அவரே போய்ப் பழியை ஏற்றுக்கொள்வார். அதையும் கணக்குப் போட்டுத்தான் சொன்னாயோ என்று எனக்குச் சந்தேகம். உன்னைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்க வைத்துவிட்டாய்.

மனம் கேட்காமல் பங்சாருக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். தங்கரத்தினம் ஆன்டி டீ கொடுத்தார்கள். “அவள் எழுதினது சரியாத்தான் இருக்கும் பிள்ளை, நீ யோசியாதை” என்றார்கள். ஆவணியில் உனக்குக் கல்யாணம் என்று சொல்லிச் சேலைகளைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தன. டீக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அன்றைய குறிப்பு நோட்டு உன்னிடம் இருக்கிறது. இங்கே என் வாய்ச்சொல்லைத் தவிர எனக்கு வேறு சாட்சி இல்லை. விசாரணையில் நான் கொடுக்கப்போகும் வாக்குமூலத்தை டைப் செய்து இதனுடன் வைத்திருக்கிறேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. மீன்களை வாய்க்காலில் விட்டவர் பெயருக்கு மட்டும் வெறும் கோடு போட்டிருக்கிறேன். அண்ணன் பெயரை அங்கே எழுத மாட்டேன். உன் பெயரை எழுதக் கை வரவில்லை. நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டில் அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஃபேக்ஸில் அனுப்பு. யோசிக்காமல் மீனை மாற்றி விட்டுவிட்டோம் என்று சொன்னால் ஒரு கட்டுரைதான் போகும். நீ படித்தவள், இன்னும் பத்து எழுதுவாய். எனக்கு இந்த வேலையும், ஒழுங்காகச் சீட்டு ஒட்டுகிறவள் என்ற பேரும் மட்டும்தான்.

நீ கல்யாணமாகி, குழந்தை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும். இதை மனதார எழுதுகிறேன் என்று சொன்னால் இன்றைக்கு அது பொய். அந்தப் பெயரை எழுதி அனுப்பு மீனா. என்னை மனதார வாழ்த்த விடு.

இப்படிக்கு,
சீதாலெட்சுமி