நீங்கள் சொல்லாத வரி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

காலையில் நீங்கள் கேட்டது நியாயம்தான். நம் தெரு, எதிர்த் தெரு என்று இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து தைக்க ஒரு கூடம் வேண்டும் என்றுதான் அந்த நல்லிணக்க நிதிக்கு எழுதினேன். படிவத்தில், பாதிக்கப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று ஒரு கட்டம் இருந்தது. ‘என் கடையை எரித்தவனை மன்னித்துவிட்டேன்’ என்று உங்கள் பெயரில் நானே எழுதிவிட்டேன். “நான் எப்போ மன்னிச்சேன்? எனக்கும் சேர்த்து நீயே மன்னிச்சிட்டியா?” என்றீர்கள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். போனில் சொன்னதும் எங்கள் மகளிர் குழுச் செயலாளர் அக்கா, “அது இல்லன்னா நம்ம விண்ணப்பத்த யாரு திரும்பிப் பாப்பாங்க?” என்கிறார். வரி இருந்தால் உங்கள் முகத்தில் முழிக்க முடியாது, இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் முகத்தில் முழிக்க முடியாது. இன்று மாலை ஐந்து மணி வரைதான் விண்ணப்பம் வாங்குவார்கள்.

இப்போது நகல்களில் முத்திரை வாங்கப் போகிறேன். படிவம் மேசையில் இருக்கிறது. பத்து மணிக்கு எதிர்த் தெரு அம்மா, அவர்கள் தெரு சார்பில் அதில் கையெழுத்துப் போட வருவார். ஆமாம், தீ வைத்தவனின் அம்மாதான். கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.

வாசல் பூட்டையும் சாவியையும் நான் எடுத்துப் போகிறேன்; வீட்டைப் பூட்டிக்கொண்டு நீங்கள் வெளியே கிளம்பிவிட முடியாது.

இன்னொன்று. அந்த வரியைப் போன வாரமே அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.